சர்க்கரைப் புண் மருந்தும் உங்கள் மகளின் படிப்பும்

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மாமனாரின் காலில் ஆறாமல் இருந்த சர்க்கரைப் புண்ணுக்கு டாக்டர் எழுதிக்கொடுத்த மருந்துக் குழாயின் அட்டையைப் படித்துவிட்டு, "இதில் போட்டிருக்கிற வளர்ச்சிக் காரணி தோலிடம் போய் என்ன சொல்கிறது? தோல் அதை எப்படிக் கேட்கிறது?" என்று உங்கள் மகள் வீட்டில் எல்லோரையும் துளைத்தெடுத்ததாக எழுதியிருந்தீர்கள். நீட் இரண்டாவது முறையும் கைகொடுக்கவில்லை. மூன்றாவது முறை எழுத வைப்பதா, உங்கள் அண்ணன் சொல்வதுபோல் நர்சிங்கில் சேர்ப்பதா, அவள் அடம்பிடிக்கிற மூலக்கூறு உயிரியலுக்கு விடுவதா என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசி வரியில், "ஆராய்ச்சி என்று போனால் எப்போது சம்பாதிப்பாள், எப்போது கல்யாணம்?" என்றும் எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியை எழுதத் தயங்கியிருப்பீர்கள் என்று தோன்றுகிறது. தயங்க வேண்டியதில்லை. முதலில் அதற்கே வருகிறேன்.

அவளுக்கு இப்போது 19 வயது. இளங்கலை, முதுகலை இரண்டும் முடிய 24 ஆகும். முனைவர் பட்டத்துக்கு 5 அல்லது 6 ஆண்டு, அப்போது 30. சொந்தமாக ஓர் ஆய்வகம் வேண்டும் என்றால், அதன் பிறகும் எங்காவது மூன்று நான்கு ஆண்டு முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வு செய்தாக வேண்டும். ஆக, நிரந்தர வேலை என்று ஒன்று கைக்கு வரும்போது 33, 34 ஆகிவிடும். இந்தக் கணக்கை மறைத்துவிட்டு ஆசை காட்டுகிறவர்களை நம்பாதீர்கள்.

ஆனால் அத்தனை ஆண்டும் நீங்கள் பணம் கட்டிக்கொண்டிருக்க வேண்டும் என்று நினைத்துவிடாதீர்கள். மத்திய அரசின் தகுதித் தேர்வான சி.எஸ்.ஐ.ஆர். நெட்டில் ஆராய்ச்சி உதவித்தொகைக்குத் தகுதி பெற்றால், முனைவர் பட்டத்தின் முதல் இரண்டு ஆண்டுகளுக்கு மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000. வீட்டு வாடகைப் படி தனி. 2023 ஜனவரி முதல் இந்தத் தொகைதான். முனைவர் பட்டம் வாங்கிய பின் ரிசர்ச் அசோசியேட்டாகச் சேர்ந்தால் 58,000-இல் தொடங்கும். பணம் சில சமயம் இரண்டு மூன்று மாதம் தாமதித்து, மொத்தமாக வரும். அதையும் தெரிந்துகொள்ளுங்கள். 24 வயதில் முதுகலையோடு நிறுத்திக்கொண்டாலும் உயிரிமருந்து நிறுவனங்களில் செல் வளர்ப்பு, தரக் கட்டுப்பாடு போன்ற வேலைகள் உண்டு. தொடக்கச் சம்பளம் ஐ.டி. பிள்ளைகள் வாங்குவதைவிடக் குறைவுதான்.

இனி அந்த மருந்துக் குழாய்க்கு வருவோம். அதன் பின்னால் இருக்கும் கதையை நீங்களும் அறிந்துகொள்ள வேண்டும் என்று விரும்புகிறேன். ஏனென்றால் உங்கள் மகள் போக நினைக்கிற பாதை அதுதான்.

அந்தக் காரணியைக் கண்டுபிடித்த ஸ்டான்லி கோஹன் 1922-இல் நியூயார்க்கின் புரூக்ளினில் பிறந்தவர். அப்பா தையல்காரர். கட்டணம் இல்லை என்பதால் புரூக்ளின் கல்லூரியில் சேர்ந்து உயிரியல், வேதியியல் இரண்டையும் படித்தார். மேற்படிப்புக்குப் பணம் சேர்க்கப் பால் பதனிடும் ஆலை ஒன்றில் நுண்ணுயிர்ப் பரிசோதனை வேலை பார்த்தார். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்கு அவருக்கு வாய்த்தது மண்புழு ஆராய்ச்சி. இரவில் பல்கலைக்கழகப் புல்வெளியில் குனிந்து குனிந்து 5,000-க்கும் மேற்பட்ட மண்புழுக்களைப் பொறுக்கியவர் அவர்.

பின்னால் அவரோடு சேர்ந்து வேலை பார்த்த ரீட்டா லெவி-மொந்தால்சினி இத்தாலியின் தூரின் நகரத்துக்காரர், 1909-இல் பிறந்தவர். பெண்கள் பல்கலைக்கழகம் போவதில் அவருடைய அப்பாவுக்கு விருப்பமில்லை. இருபது வயதில் அப்பாவிடம் பேசிச் சம்மதம் வாங்கி மருத்துவம் படித்தார். 1938-இல் முசோலினி அரசின் இனச் சட்டங்கள் யூதரான அவரை ஆய்வகத்திலிருந்து வெளியே தள்ளின. அவர் தன் படுக்கையறையிலேயே ஆய்வகம் அமைத்து, தையல் ஊசிகளைத் தீட்டிக் கருவிகளாக்கி, கோழி முட்டைக் கருவில் நரம்புகள் எப்படி வளர்கின்றன என்று பார்த்துக்கொண்டிருந்தார். போர் முடிந்தபின் அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் போனார். நரம்பை வளரத் தூண்டும் ஏதோ ஒரு பொருள் இருக்கிறது என்று அங்கே கண்டுகொண்டார். அதைப் பிரித்தெடுக்க வேதியியல் தெரிந்த ஆள் வேண்டும். 1953-இல் கோஹன் அங்கே வந்து சேர்ந்தார்.

அந்தப் பொருள் புரதமா, டி.என்.ஏ. போன்ற நியூக்ளிக் அமிலமா என்று பார்க்கக் கோஹன் அதில் பாம்பு விஷத்தைச் சேர்த்தார். நியூக்ளிக் அமிலத்தைச் சிதைக்கும் நொதி விஷத்தில் உண்டு. பார்த்தால், விஷத்திலேயே அந்தப் பொருள் பல மடங்கு இருந்தது. பாம்பின் விஷச் சுரப்பிக்கு இணையானது பாலூட்டிகளின் உமிழ்நீர்ச் சுரப்பி என்பதால் அடுத்து ஆண் எலியின் உமிழ்நீர்ச் சுரப்பிக்குப் போனார். அதிலும் இருந்தது. அந்தச் சாற்றைப் புதிதாகப் பிறந்த எலிக்குஞ்சுகளுக்கு ஊசியில் ஏற்றியபோது எதிர்பாராத ஒன்று நடந்தது. சாதாரணமாக 12 முதல் 14 நாளில் கண் திறக்கும் குஞ்சுகள் 7 நாளிலேயே திறந்தன. நரம்பு வளர்ச்சிக்கும் கண்ணிமை பிரிவதற்கும் என்ன தொடர்பு? வேறொருவராக இருந்தால் இது நம் வேலை இல்லை என்று விட்டிருக்கலாம். கோஹன் அதைப் பிடித்துக்கொண்டார். 1962-இல் அந்த இரண்டாவது பொருளைத் தனியாகப் பிரித்துக்காட்டினார். அதுதான் மேல்தோல் வளர்ச்சிக் காரணி. 53 அமினோ அமிலங்கள் கொண்ட சிறிய புரதம் அது என்று அதன் வரிசை முழுதும் தெரிந்தது 1972-இல். இருவருக்கும் நோபல் பரிசு 1986-இல் வந்தது. அம்மையாருக்கு அப்போது 77 வயது.

தாத்தாவின் புண்ணில் தடவிய மருந்தில் இருப்பது அந்தக் காரணிதான். இன்று அதை மரபணுத் தொழில்நுட்பத்தில் தயாரிக்கிறார்கள். ஹைதராபாத்தின் பாரத் பயோடெக் தயாரிக்கும் ரீஜென்-டி அப்படிப்பட்டது. செல்லின் மேற்பரப்பில் இதைப் பிடித்துக்கொள்ள ஓர் ஏற்பி இருக்கிறது. காரணி வந்து ஒட்டியதும் ஏற்பி உள்பக்கம் விழித்துக்கொண்டு, அடுத்த புரதத்துக்கு ஒரு பாஸ்பேட்டை ஏற்றிவிடுகிறது. அது அதற்கடுத்ததைத் தூண்டுகிறது. இப்படிக் கைமாறிக் கைமாறிச் செய்தி உட்கருவரை போய்ச் சேர்ந்தால் செல் பிளக்கிறது. இதே செய்தி நிற்காமல் போய்க்கொண்டிருந்தால் புற்றுநோய். அதனால்தான் அந்த ஏற்பியை அடைக்கும் மருந்துகள் வந்தன. தலை, கழுத்துப் புற்றுநோய்க்கு இப்படிப்பட்ட ஒரு மருந்தைப் பெங்களூரு பயோகான் நிறுவனம் 2006-இல் இந்தியாவில் அறிமுகப்படுத்தியது. கீமோதெரபியில் வெள்ளணுக்கள் குறைந்தால் போடும் ஊசியும், டயாலிசிஸ் நோயாளிகளுக்கு ரத்தம் ஊறப் போடும் ஊசியும் இப்படிப்பட்ட வேறு வளர்ச்சிக் காரணிகள்தாம். உங்கள் மகள் கேட்ட கேள்வி சின்னப்பிள்ளைக் கேள்வி இல்லை அம்மா.

இனி அன்றாட வேலை. முன்பு என்னிடம் ஆலோசனைக்கு வந்து, இப்போது செல் சமிக்ஞையில், அதாவது செல்லுக்குள் செய்தி போகும் விதத்தில், முனைவர் பட்டம் செய்கிற ஒரு பெண்ணின் ஆய்வகத்தில் சென்ற ஆண்டு போய் உட்கார்ந்திருந்தேன். முந்தின இரவே அவள் செல்களுக்குச் சீரம் இல்லாத திரவத்தை மாற்றி அவற்றைப் பட்டினி போட்டிருந்தாள். காலையில் ஆறு தட்டுகள். ஒவ்வொன்றிலும் வளர்ச்சிக் காரணியைச் சொட்டுவிட்டு, இரண்டாவது நிமிடம் ஒன்று, ஐந்தாவது நிமிடம் ஒன்று என்று கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து எடுத்துப் பனிக்கட்டி மேல் வைத்துச் செல்களைச் சுரண்டினாள். அந்த ஒரு மணி நேரம் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. பிறகு புரதங்களை ஜெல்லில் ஓட்டிப் பிரித்து, சவ்வுக்கு மாற்றி, எதிர்ப்பொருளில் இரவு முழுதும் ஊறவிட்டாள். ஐந்தாவது நிமிடத்தில் எடுத்த தட்டுக்கு நேரே, செய்தி போனதைக் காட்டும் கரும்பட்டை ஒன்று அடர்த்தியாக வர வேண்டும் என்றாள். மறுநாள் மாலை மறுபடி போனேன். சவ்வில் ஒன்றுமே தெரியவில்லை. அவள் சற்று நேரம் அதையே பார்த்தாள். நோட்டில் தேதி போட்டு, எந்தப் புட்டியிலிருந்து எதிர்ப்பொருள் எடுத்தாள் என்று எழுதினாள். செல் அறைக்குப் போய் ஆறு தட்டுகளில் மறுபடி செல்களைப் பரப்பிவிட்டு வந்து, "சார், மெஸ் மூடிவிடுவார்கள், சாப்பிடப் போகலாம்" என்றாள்.

இந்த வேலை யாருக்கு ஒத்துவரும் என்று என்னைக் கேட்டால் அந்த மாலையைத்தான் சொல்வேன். நீட் மதிப்பெண் அதைச் சொல்லாது, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணும் சொல்லாது. உங்கள் மகளுக்கு அந்தப் பொறுமை இருக்கிறதா என்று எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது, அவளுக்கும் இன்னும் தெரியாது. தெரிந்துகொள்ள அதிகச் செலவில்லாத வழி இருக்கிறது. பட்டப்படிப்பின் இரண்டு கோடை விடுமுறைகளில் ஏதாவது ஓர் ஆய்வகத்தில் இரண்டிரண்டு மாதம் வேலை பார்க்கட்டும். நாட்டின் அறிவியல் அகாடமிகள் மூன்றும் சேர்ந்து கோடைக்கால ஆராய்ச்சி உதவித்தொகை தருகின்றன. அது கிடைக்காவிட்டால் பேராசிரியர்களுக்கு அவளே மின்னஞ்சல் எழுதட்டும்; பத்துப் பேரில் ஒருவர் பதில் போட்டால் போதும். நான்கு மாதம் தோற்ற பரிசோதனைகளோடு இருந்துவிட்டு வந்தும் அதே கேள்வி அவளிடம் இருந்தால், முனைவர் பட்டத்துக்குத் தயங்காமல் விடுங்கள். இல்லையென்றால் இழப்பு இரண்டு கோடைதான்.

ஆகவே மூன்றாவது முறை நீட் வேண்டாம். நர்சிங் மதிப்புள்ள வேலை. ஆனால் விருப்பமில்லாதவளை நோயாளியின் கட்டிலருகே நிறுத்துவது நோயாளிக்கும் நல்லதில்லை. இந்த ஆண்டே நல்ல ஆய்வக வசதியுள்ள அரசுக் கல்லூரியிலோ அரசு உதவிபெறும் கல்லூரியிலோ பி.எஸ்சி. வேதியியலில் சேர்த்துவிடுங்கள், உயிர்வேதியியல் கிடைத்தாலும் சரி. உயிரியல் ஆசைக்கு ஏன் வேதியியல் என்று அவள் சண்டைக்கு வருவாள். கோஹன் கதையைச் சொல்லுங்கள். கோழிக் கருவை ஆராய்ந்த அந்த ஆய்வகத்துக்கு அவர் தேவைப்பட்டதே வேதியியல் தெரிந்ததால்தான்.

உயிரித்தொழில்நுட்பம் என்ற பெயரை மட்டும் பார்த்துக் கடன் வாங்கிச் சேர்த்துவிடாதீர்கள். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவனை அப்படித்தான் ஒரு கல்லூரிக்கு அனுப்பினேன். விளக்கப் புத்தகத்தில் இருந்த செல் வளர்ப்பு அறை, நான்கு ஆண்டும் பூட்டியே கிடந்தது. அவன் தந்தை கட்டிய வட்டியை நினைத்தால் இன்றும் எனக்கு மனசு கனக்கிறது. அதன் பிறகு ஆய்வகத்தை நேரில் பார்க்காமல் எந்தக் கல்லூரியையும் நான் சொல்வதில்லை. நீங்களும் போய்ப் பாருங்கள். இன்குபேட்டர் ஓடுகிறதா, அதில் தட்டுகள் இருக்கின்றனவா என்று இறுதியாண்டுப் பிள்ளைகளைக் கேளுங்கள்.

கல்லூரியில் இருந்துகொண்டே அடுத்த ஆண்டு ஐசர் (மத்திய அரசின் இந்திய அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்கள்) நுழைவுத் தேர்வையும் ஒரு முறை எழுதிப் பார்க்கட்டும். திருவனந்தபுரம், திருப்பதி இரண்டும் நமக்குப் பக்கம். உயிரியல், வேதியியல், இயற்பியல், கணிதம் நான்கிலும் 15 கேள்விகள் வீதம் 60 கேள்விகள். கணிதத்தைத் தூசி தட்ட வேண்டியிருக்கும். பன்னிரண்டாம் வகுப்பு தேறிய ஆண்டுக்கு அதில் வரம்பு வைக்கிறார்கள், அறிவிப்பில் அந்த வரியை முதலில் பாருங்கள். நீங்கள் பிற்படுத்தப்பட்ட வகுப்பு என்றால் நம் மாநிலச் சாதிச் சான்றிதழ் அங்கே செல்லாது. மத்திய அரசுக்கான ஓ.பி.சி. சான்றிதழை, அறிவிப்பில் கேட்கும் தேதியைப் பார்த்து, இ-சேவை மையத்தில் முன்கூட்டியே விண்ணப்பித்து வாங்கி வையுங்கள். இதைக் கடைசி நாளில் தேடி இடத்தை இழந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

கல்யாணம் பற்றி: முனைவர் பட்டத்தின் நடுவில் திருமணம் செய்துகொண்ட பெண்கள் நிறைய உண்டு. பெண் ஆய்வாளர்களுக்கு 240 நாள் வரை மகப்பேறு, குழந்தை பராமரிப்பு விடுப்பும், பட்டம் முடிக்க 2 ஆண்டு கூடுதல் அவகாசமும் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 விதிகளில் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமையும் செல்களுக்குத் தீனி மாற்ற ஆய்வகம் போக வேண்டியிருக்கும் என்பதை மாப்பிள்ளை வீட்டில் முன்பே சொல்லிவிடுங்கள். பேசி முடித்தபின் சொல்வது இரண்டு வீட்டுக்கும் சங்கடம்.

அடுத்த சனிக்கிழமை காலை அவளையும் அழைத்துக்கொண்டு வாருங்கள். வரும்போது பன்னிரண்டாம் வகுப்பு வேதியியல் செய்முறையின் அப்சர்வேஷன் நோட்டு வீட்டில் கிடந்தால் எடுத்துவரச் சொல்லுங்கள். அழகாகப் படியெடுத்த ரெக்கார்டு நோட்டு வேண்டாம். டைட்ரேஷன் அளவுகள் ஒத்துவராத நாளில் என்ன எழுதியிருக்கிறாள் என்று அவளோடு உட்கார்ந்து பார்க்க வேண்டும்.