கோனோரானோ பட்டியல்: கேளுங்க, தெரிந்ததைச் சொல்கிறேன்

ஒவ்வொரு வருடமும் நவம்பர் கடைசியில் ஜப்பானின் தகராஜிமாஷா பதிப்பகம் 'கோனோ லைட் நாவல் கா சுகோய்!' என்று ஒரு புத்தகம் போடும். லைட் நாவல் என்றால் இளைஞர்களுக்காகப் படங்களோடு வரும் ஜப்பானிய நாவல்; அவற்றை ஓட்டெடுத்து வரிசைப்படுத்தும் பட்டியல்தான் இந்தப் புத்தகம். 'இந்த லைட் நாவல் அட்டகாசம்!' என்று வைத்துக்கொள்ளலாம். ரசிகர்கள் வாயில் அது கோனோரானோ. 2004-இலிருந்து வருகிறது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அட்டையில் இருக்கும் ஆண்டில் ஒன்றைக் கழியுங்கள். 2020 பதிப்பு வந்தது 2019-இல்.

தென்றல்: இது விற்பனைக் கணக்கா? யார் ஓட்டுப் போடுகிறார்கள்?

விற்பனைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அதை ஓரிகான் என்ற நிறுவனம் தனியாகக் கணக்கெடுக்கிறது. இங்கே இணையத்தில் யார் வேண்டுமானாலும் ஓட்டுப் போடலாம். அதோடு 'ஒத்துழைப்பாளர்கள்' என்று ஒரு கூட்டம் உண்டு: புத்தகக்கடை ஊழியர்கள், விமர்சகர்கள், வலைப்பதிவர்கள் மாதிரி வண்டி வண்டியாகப் படிக்கிறவர்கள். இரண்டு தரப்பின் ஓட்டையும் சேர்த்துத்தான் இறுதிப் பட்டியல். அதனால்தான் கடையில் மலையாகக் குவிந்து கிடக்கும் தொடர் பட்டியலில் எங்கோ கீழே கிடக்கும். பதினைந்தாம் பாகம் வரை பழக்கத்தில் வாங்கிக்கொண்டே இருப்பவன்கூட, ஓட்டுப் போட உட்காரும்போது இந்த வருடம் தன் தூக்கத்தைக் கெடுத்த புதுப் புத்தகத்தின் பெயரைத்தான் எழுதுகிறான். என்னைக் கேட்டால் அதுதான் இந்தப் பட்டியலின் அழகு.

கடல்நுரை: அனிமே (ஜப்பானிய அசைபடம்) பார்த்துவிட்டு வந்து ஓட்டுப் போடுகிறார்கள், அவ்வளவுதானே அண்ணா?

இல்லை தம்பி. ஹாருஹி தொடர் முதலிடம் பிடித்தது 2005 பதிப்பில், அனிமே வந்தது 2006 ஏப்ரலில். ஸ்பைஸ் அண்ட் உல்ஃப் 2007 பதிப்பில் முதலிடம், அனிமே 2008-இல். சபிகுயி பிஸ்கோ ஒரு புதுமுகத்தின் முதல் நாவல், 2019 பதிப்பில் எல்லாரையும் தள்ளிவிட்டு மேலே வந்தது, அனிமேக்கு 2022 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆனால் அதே புத்தகத்தில் தனியாக வரும் கதாபாத்திரப் பட்டியலைப் பற்றிச் சொல்கிறாய் என்றால் பாதி ஒத்துக்கொள்கிறேன். 'இண்டெக்ஸ்' தொடரின் மிசாகா மிகோதோ அங்கே எத்தனை வருடம் நாற்காலியை விடாமல் உட்கார்ந்திருந்தாள்!

நிலவன்: 2017 பதிப்பில் ஒரேகைரு தொடர் முதலிடத்தில் இல்லையே, மவுசு போய்விட்டதா?

2014, 2015, 2016 என்று மூன்று பதிப்புகளில் தொடர்ந்து முதலிடம். அதற்குமேல் ஜெயிக்கவிடாமல் மரியாதையாக மாலை போட்டு ஓரமாக உட்கார வைத்துவிட்டார்கள். ஆண்டில் ஒன்றைக் கழிக்கவும்.

குதிரைவீரன்: ர்யூஓ நோ ஓஷிகோதோ படிக்க ஷோகி (ஜப்பானியச் சதுரங்கம்) தெரிய வேண்டுமா?

வேண்டாம், எனக்கே காய் நகர்த்தத் தெரியாது. 2017, 2018 இரண்டு பதிப்பிலும் முதலிடம் வந்த தொடர் அது. நாயகன் 16 வயதில் ஷோகியின் பெரிய பட்டங்களில் ஒன்றான ர்யூஓவை வாங்கியவன். 'இதெல்லாம் நடக்கிற கதையா' என்று சிரித்துக்கொண்டிருந்தபோதுதான் ஃபுஜீ சோதா என்ற நிஜப் பையன் 14 வயதில் தொழில்முறை ஆட்டக்காரனாகி, அறிமுக ஆட்டத்திலிருந்து 2017 ஜூன் வரை தொடர்ந்து 29 ஆட்டம் ஜெயித்தான். ர்யூஓ பட்டம் அவனுக்கு 2021-இல், 19 வயதில்தான் கிடைத்தது. அந்த ஒரு விஷயத்தில் கதைதான் முந்தியது.

மைன் ரசிகை: ஹோன்சுகி தொடர் 2018, 2019 பதிப்புகளில் முதலிடம். ஆனால் 'தன்கோபோன் பிரிவில்' என்று ஒரு வால் ஒட்டியிருக்கிறது. ஏன் தனிப் பந்தி?

2017 பதிப்பில் பிரித்தார்கள். பங்கோ என்றால் சட்டைப்பை அளவு, விலை குறைவு. தன்கோபோன் பெரிய அளவு, விலையும் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. இணையத்தில் இலவசமாக ஓடிய கதைகளைப் பெரிய அளவில் போட்டுக் குவிக்க ஆரம்பித்தபோது, ஒரே பட்டியலில் அடைக்க முடியவில்லை.

மைன் ரசிகை: அப்படியென்றால் இணையக் கதைகளை ஒதுக்கினார்கள் என்றுதானே அர்த்தம்?

அப்படி இல்லை. இணையக் கதையின் வாசகர் வேறு, பங்கோ வாசகர் வேறு, அவ்வளவுதான்.

ரயில்வாசகன்: நடுவில் புகுந்ததற்கு மன்னிக்கவும். ரீ:ஜீரோ இணையக் கதைதான், கோனோசுபாவும்தான். இரண்டும் பங்கோவாகத்தான் வந்தன. வாசகர் வேறு என்றால் இவை எந்தப் பக்கம்?

சரி, மாட்டிக்கொண்டேன். நான் சொன்னது தப்பு. பிரித்தது புத்தகத்தின் அளவை வைத்துத்தான், பிறந்த இடத்தை வைத்து அல்ல. இன்னும் சொன்னால் 2012, 2013 இரண்டிலும் ஜெயித்த ஸ்வார்ட் ஆர்ட் ஆன்லைனே ஆசிரியர் தன் சொந்தத் தளத்தில் எழுதிய கதைதான்.

மைன் ரசிகை: ஆக, ஹோன்சுகியைச் சின்ன அளவில் அச்சடித்திருந்தால் ஒரேகைரு மாதிரி மாலை போட்டிருப்பார்கள்?

ர்யூஓவையும் பிஸ்கோவையும் நேருக்கு நேர் தாண்டியிருக்க வேண்டும். தாண்டியிருக்கும் என்று நீங்கள் சொல்வீர்கள். நான் பிஸ்கோ பக்கம். அதில் வரும் நண்டுச் சவாரிக்காக மட்டுமே.

மைன் ரசிகை: நண்டா! நூலகத்துக்காக உயிரை விடும் ஹோன்சுகி நாயகி மைனைவிட நண்டு பெரிதா?

ஆமாம்.

பனித்துளி: இந்தப் பட்டியலில் ஏன் மங்கா (ஜப்பானியச் சித்திரக்கதை) எதுவும் இல்லை?

அதே பதிப்பகம் மங்காவுக்குத் தனிப் புத்தகம் போடுகிறது, துப்பறியும் கதைக்கும் 1988-இலிருந்து ஒன்று இருக்கிறது. அங்கே போங்கள்.

விண்மீன்: 2021 பட்டியல் 2021-இல் வந்ததுதானே? அதில் யார் முதலிடம்?

கழிக்கவும் என்று எத்தனை முறை சொல்வது! 2020-இல் வந்தது. பங்கோவில் சிதோசே-குன் தொடர், அடுத்த பதிப்பிலும் அதுவே.

கடல்நுரை: எனக்குப் பிடித்த தொடர் பட்டியலிலேயே இல்லை அண்ணா.

இதே கேள்வி இன்றைக்கு ஆறாவது முறை. நீ ஓட்டுப் போட்டாயா?

கடல்நுரை: இல்லை.

அடுத்தவர்.

மைன் ரசிகை: அந்த நண்டு எத்தனை பாகத்தில் வருகிறது? சும்மா கேட்கிறேன்.

முதல் பாகத்திலேயே வருகிறது. வாங்குங்கள், பங்கோதான், விலை குறைவு.