நீஸிலிருந்து இத்தாலிக் கடற்கரைக்கு: ரயிலா, வாடகைக் காரா?

கோடை விடுமுறை நெருங்கினாலே எனக்கு வருகிற கேள்விகளில் பாதி இந்த ஒரே பாதையைப் பற்றித்தான். பிரான்ஸின் தென்கிழக்குக் கோடியில் நீஸ், அங்கிருந்து மொனாக்கோ, மென்டோன், எல்லையைத் தாண்டினால் இத்தாலியின் லிகூரியா, ஜெனோவா வழியாக, சிங்க்வே டெர்ரே என்கிற ஐந்து கடலோரக் கிராமங்கள், லா ஸ்பெசியா வரை. சாலை வழியே சுமார் 300 கிலோமீட்டர். இந்த வழியில் இரண்டு விதத்திலும் பல தடவை போயிருக்கிறேன். கடலை ஒட்டிப் போகிற நாட்களுக்கு ரயில், கடலுக்கு முதுகைக் காட்டி மலைக்கு ஏறுகிற நாளுக்கு மட்டும் கார் என்பதே நான் கண்டது. ஆனால் குடும்பத்துக்குக் குடும்பம் கணக்கு மாறும், அதனால் வந்த கேள்விகளை ஒவ்வொன்றாக எடுத்து, என் பதிலோடு தருகிறேன்.

நானும் கணவரும் கோவையிலிருந்து வருகிறோம், ஆறு நாள். நீஸில் இறங்கி, மொனாக்கோ, சிங்க்வே டெர்ரே பார்த்து, பீசாவில் விமானம் ஏறுகிறோம். கார் இருந்தால் நினைத்த இடத்தில் நிறுத்திப் பார்க்கலாமே என்கிறார் அவர். சரிதானா?

நினைத்த இடத்தில் நிறுத்துவதுதான் இந்தக் கடற்கரையில் நடக்காத காரியம். மலை நேராகக் கடலில் இறங்குகிற நிலம் இது, ஊர்கள் எல்லாம் அந்தச் சரிவில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன, பார்க்கிங்குக்கு இடமே கிடையாது. கோடையில் மதியம் பன்னிரண்டு மணிக்கு ஒரு சின்ன ஊருக்குள் நுழைந்து நாற்பது நிமிடம் சுற்றிவிட்டு இறங்காமலே திரும்பிய அனுபவம் எனக்கு உண்டு.

அடுத்தது பணம். காரை பிரான்ஸில் எடுத்து இத்தாலியில் விட்டால், வாடகைக்கு மேல் தனியாக ஒரு கட்டணம் போடுவார்கள், அது பல நூறு யூரோ வரை போகும். இணையத்தில் முதலில் காட்டுகிற விலையில் இது பல நேரம் தெரியாது, கடைசிப் பக்கத்தில்தான் வரும். டோலும் சும்மா இல்லை: பிரான்ஸில் ஏ8, எல்லையிலிருந்து ஜெனோவா வரை ஏ10, அப்புறம் ஏ12, மூன்றுமே கட்டணச் சாலைகள். ஏ10-இல் சுரங்கம், பாலம், மறுபடி சுரங்கம் என்று மாறி மாறி வந்துகொண்டே இருக்கும், கடல் இரண்டு விநாடி தெரிந்து மறைந்துவிடும். ஓட்டுகிறவருக்கு அந்த இரண்டு விநாடியும் கிடையாது. 2018 ஆகஸ்டில் ஜெனோவாவில் மொராந்தி பாலம் இடிந்து 43 பேர் இறந்தார்கள் அல்லவா, அதற்குப் பிறகு லிகூரியாவின் நெடுஞ்சாலைகளில் சுரங்கங்களையும் பாலங்களையும் சோதிப்பதும் பழுது பார்ப்பதும் தொடர்ந்து நடக்கிறது. மிக அவசியமான வேலை, ஆனால் இரண்டு தடம் ஒன்றாகச் சுருங்குகிற இடங்களில் காத்திருக்க வேண்டியிருக்கும்.

ரயிலில் நீஸிலிருந்து எல்லை ஊரான வென்டிமிலியாவுக்கு ஏறக்குறைய 50 நிமிடம், டிக்கெட் சுமார் பத்து யூரோ. போகும்போது வலது பக்க ஜன்னலில் உட்காருங்கள், வில்பிரான்ஷ் வளைகுடா கண்ணுக்குக் கீழே விரியும். மொனாக்கோ நிலையம் பாறைக்குள்ளே இருக்கிறது, அங்கே இறங்கி நாலைந்து மணி நேரம் சுற்றிவிட்டு அடுத்த ரயிலைப் பிடிக்கலாம், பகலில் அடிக்கடி ரயில் உண்டு.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன், ரயிலிலும் முழு வழியும் கடல் தெரியாது. சான் ரெமோ பக்கத்துப் பழைய கடலோரத் தண்டவாளத்தை 2001-இலும், இம்பீரியா, தியானோ பக்கத்தில் இருந்ததை 2016-இலும் மலைக்குள் மாற்றிவிட்டார்கள். அந்தப் பழைய பாதையில் இப்போது அருமையான சைக்கிள் பாதை ஓடுகிறது. அந்தோராவிலிருந்து ஃபினாலே லிகூரே வரை மட்டும் இன்னமும் பழைய ஒற்றைத் தண்டவாளம்தான், அங்கே கடல் மறுபடி பக்கத்தில் வந்துவிடும், அதுவரை தூங்கினால்கூட அப்போது விழித்துக்கொள்ளுங்கள்.

சிங்க்வே டெர்ரேயில் காருக்கு வேலையே இல்லை. ஐந்து கிராமங்களின் மையத்துக்குள்ளும் வெளியார் வண்டிகளை விடுவதில்லை, பக்கத்து ஊர்களான லேவான்தோவிலோ லா ஸ்பெசியாவிலோ நிறுத்திவிட்டு ரயில் ஏறுவதுதான் சுலபம். ஆகவே உங்கள் இருவருக்கும் ஆறு நாளும் ரயில்.

வென்டிமிலியாவில் ஏன் இறங்கி ஏற வேண்டும்? நேரடி ரயில் இல்லையா? மாறுவதற்கு எவ்வளவு நேரம் விடலாம்?

பிரெஞ்சு ரயில்கள் வென்டிமிலியாவோடு நின்றுவிடும், இத்தாலிய ரயில்கள் அங்கிருந்து கிளம்பும். பிரெஞ்சுப் பக்கத்துக் கம்பியில் ஓடுவது 25,000 வோல்ட் மாறுதிசை மின்சாரம், இத்தாலியில் 3,000 வோல்ட் நேர்மின்சாரம். இரண்டிலும் ஓடக்கூடிய எஞ்சின்கள் உண்டுதான், ஆனால் உள்ளூர் ரயில்கள் அப்படிப்பட்டவை அல்ல.

குறைந்தது அரை மணி நேரம் விடுங்கள். நான் ஒருமுறை எட்டு நிமிட இடைவெளியை நம்பி, மென்டோனில் ரயில் தாமதமாகி, வென்டிமிலியாவில் இறங்கும்போது எதிர் பிளாட்பாரத்தில் என் இன்டர்சிட்டி கிளம்பிப் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இன்டர்சிட்டி டிக்கெட் அந்த ஒரு ரயிலுக்கு மட்டும் உரியது, மலிவு டிக்கெட் என்றால் பணம் போனதுதான். பிரெஞ்சு டிக்கெட்டும் இத்தாலிய டிக்கெட்டும் தனித்தனியாக வாங்கியிருந்தால் ஒருவர் தாமதத்துக்கு மற்றவர் பொறுப்பேற்க மாட்டார். 'ரெஜியோனாலே' என்கிற உள்ளூர் ரயிலில் இந்தத் தொல்லை இல்லை, விலையும் முன்பதிவுக்கு ஏற்ப ஏறி இறங்காது, அன்றைக்கே வாங்கலாம். ஆனால் காகித டிக்கெட் என்றால் ஏறுவதற்கு முன் பிளாட்பாரத்தில் உள்ள சின்ன இயந்திரத்தில் முத்திரை குத்த வேண்டும், மறந்தால் அபராதம்.

வெள்ளிக்கிழமை வென்டிமிலியாவில் பெரிய சந்தை. அன்று காலை நீஸிலிருந்து வருகிற ரயில்கள் நிரம்பி வழியும், பெரிய பெட்டிகளோடு போகிறவர்கள் வேறு நாளைப் பாருங்கள்.

சென்னை லைசென்ஸ் வைத்து அங்கே ஓட்டலாமா?

சென்னையிலேயே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்கிக்கொண்டு வாருங்கள், ஒரு வருடம் செல்லும். அதோடு அசல் லைசென்ஸும் கையில் இருக்க வேண்டும், ஒன்றில்லாமல் மற்றது செல்லாது. ஓட்டுகிறவர் பெயரிலேயே கிரெடிட் கார்டு இருக்கட்டும், முன்பணத்தை அதில்தான் பிடித்து வைப்பார்கள், டெபிட் கார்டைப் பல இடங்களில் ஏற்பதில்லை. கியர் கார்தான் அங்கே சாதாரணம், ஆட்டோமேட்டிக் வேண்டுமென்றால் முன்கூட்டியே கேட்டு, கூடுதல் பணம் கொடுத்து எடுங்கள். சாலையின் வலது பக்கம் ஓட்டுவதற்கு ஒரு மணி நேரத்தில் பழகிவிடலாம், வலது கையால் கியர் போட்டுக்கொண்டே மலை வளைவில் எதிரே வருகிற பஸ்ஸுக்கு ஒதுங்குவதற்கு அவ்வளவு சீக்கிரம் பழக முடியாது. முதல் நாளே இந்த மலைச் சாலையில் ஏறாதீர்கள்.

பாரிஸில் இருக்கிறோம். நாங்கள் இருவர், இரண்டு பிள்ளைகள், அம்மம்மாவுக்கு 74 வயது, முழங்கால் வலி. ஒரு வாரம். ஐந்து பேருக்கு ரயில் டிக்கெட் எடுப்பதைவிட கார் மலிவு இல்லையா?

உங்களுக்குக் கார்தான் சரி, ஆனால் பாரிஸிலிருந்தே ஓட்டிக்கொண்டு போகாதீர்கள். நீஸ் வரை அதிவேக ரயிலில் ஆறு மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். நீஸில் காரை எடுத்து நீஸிலேயே திருப்பிக் கொடுங்கள், அப்போது நாடு மாற்றி விடுகிற கட்டணம் வராது. இத்தாலிக்கும் போவோம் என்று எடுக்கும்போதே சொல்லி ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள், காப்பீட்டுக்கு அது முக்கியம்.

கார் கையில் இருந்தால் அம்மம்மாவை எஸ் (Èze) என்கிற மலைக் கிராமத்தின் அடிவாரம் வரை கொண்டுபோகலாம். எஸ் என்ற பெயரில் ரயில் நிலையம் ஒன்று உண்டு, அதை நம்பி இறங்கிவிடாதீர்கள்: நிலையம் கடல் மட்டத்தில், கிராமம் 400 மீட்டருக்கு மேலே, நடுவில் செங்குத்தான நடைபாதை. எல்லைக்கு அப்பால் தோல்சேஅக்வா என்று ஓர் ஊர், 1884-இல் ஓவியர் மோனே வரைந்த ஒற்றை வளைவுக் கல்பாலம் அங்கேதான் இருக்கிறது. ஆற்றங்கரையில் நின்று பார்த்தாலே போதும், முழங்காலுக்கு வேலை வைக்காத இடம்.

சிங்க்வே டெர்ரேக்கு ஆசைப்பட்டால் லேவான்தோவில் அறை எடுத்து காரை அங்கேயே விடுங்கள். ஐந்து கிராமங்களில் மோன்தெரோஸ்ஸோ சமதளமாக இருக்கும், அம்மம்மாவுக்கு அது ஏற்றது. கோர்னில்யாவைத் தவிர்த்துவிடுங்கள், நிலையத்திலிருந்து ஊருக்கு ஏற சுமார் 380 படிகள். மினி பஸ் உண்டு, ஆனால் கோடையில் அதில் இடம் கிடைப்பது கஷ்டம். இத்தாலிய ரயில் நிலையங்களில் நடக்கச் சிரமப்படுகிறவர்களுக்கு 'சாலா ப்ளூ' என்ற உதவிச் சேவை இருக்கிறது, முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும்.

பிள்ளைகளுக்கு ஒரு விஷயம்: இத்தாலியில் 150 சென்டிமீட்டர் உயரத்துக்குக் குறைந்த குழந்தைக்குத் தனி இருக்கை கட்டாயம். வாடகைக்கு எடுத்தால் நாள் கணக்கில் பணம், வீட்டிலிருந்து கொண்டுவந்தால் மிச்சம்.

இத்தாலியில் 'இசட்.டி.எல்' என்று பயமுறுத்துகிறார்களே, அது என்ன?

பழைய நகர மையங்களுக்குள் அனுமதி பெற்ற வண்டிகள் மட்டுமே போகலாம் என்கிற விதி. சிவப்பு வட்டம் போட்ட பலகை இருக்கும், பக்கத்தில் கேமரா. தடுப்புக் கம்பி எதுவும் இருக்காது, யாரும் கையைக் காட்டி நிறுத்தவும் மாட்டார்கள், அதனால்தான் நம்மவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். நான் ஒரு சின்ன ஊரில் ஹோட்டலைத் தேடி ஒரே தெருவில் இரண்டு தடவை நுழைந்தேன். முதலில் வாடகை நிறுவனம் என் விவரத்தைக் காவல்துறைக்குக் கொடுத்ததற்கென்று கார்டில் பணம் எடுத்தது, அதன் பிறகு பல மாதம் கழித்து அபராதக் கடிதம் வந்தது, ஒன்றல்ல, இரண்டு. ஒவ்வொரு நுழைவும் தனிக் குற்றம். வெளிநாட்டில் வசிப்பவருக்கு 360 நாள் வரை நோட்டீஸ் அனுப்ப அவர்களுக்கு அவகாசம் உண்டு. ஹோட்டல் அந்த எல்லைக்குள் இருந்தால் வண்டி எண்ணை முன்பே பதிவு செய்து தருவார்களா என்று கேளுங்கள். செல்போன் காட்டுகிற வழியை மட்டும் நம்பி நுழையாதீர்கள்.

இரண்டுமே தங்களுக்குள் எல்லைச் சோதனை இல்லாத ஷெங்கன் நாடுகள்தானே, பாஸ்போர்ட்டை நீஸ் ஹோட்டலில் வைத்துவிட்டு ஒரு நாள் இத்தாலி போய் வரலாமா?

கூடாது. இந்த எல்லையில் 2015 முதல் பிரான்ஸ் சோதனை நடத்துகிறது. இத்தாலியிலிருந்து திரும்பும் ரயில் மென்டோன் கரவான் நிலையத்தில் நிற்கும், போலீஸ் ஏறும், என்னிடம் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறார்கள். அசல் பாஸ்போர்ட், விசா, பிரான்ஸில் வசிப்பவர் என்றால் அதற்கான அட்டை, எல்லாம் பையில் இருக்கட்டும். காரில் வந்தாலும் டோல் கேட்டில் நிறுத்துவார்கள்.

ரயில் வேலைநிறுத்தம் என்றால் என்ன செய்வது?

இத்தாலியில் 'ஷோப்பெரோ' என்று முன்கூட்டியே தேதி அறிவித்துவிடுவார்கள், பயணத்துக்கு முந்தின வாரம் பார்த்துவிடுங்கள். வேலை நாட்களில் காலை 6 முதல் 9 வரை, மாலை 6 முதல் 9 வரை உள்ளூர் ரயில்களில் குறிப்பிட்ட சில கட்டாயம் ஓடும். அந்த நேரத்துக்குள் ஊர் மாறிவிட்டால் போதும்.

வாரம் முழுக்க ரயில், ஒரே ஒரு நாள் மட்டும் கார் எடுத்து மலைப் பக்கம் போகலாமா?

எனக்குப் பிடித்த ஏற்பாடு இதுதான். நீஸ் நகரத்திலேயே காலையில் எடுத்து மாலையில் கொடுங்கள். விமான நிலையத்தில் தேர்வு அதிகம், நகரத்திலிருந்து அங்கே டிராம் நேராகப் போகிறது, ஆக அதுவும் சுலபம்தான். எடுத்தவுடன் நாலு பக்கமும், சக்கர விளிம்பையும் சேர்த்து, செல்போனில் படம் பிடித்துக்கொள்ளுங்கள்.

போகும்போது நெடுஞ்சாலை வேண்டாம். நீஸுக்கும் மென்டோனுக்கும் நடுவே ஒன்றுக்கு மேல் ஒன்றாக கோர்னிஷ் என்கிற மலைச்சரிவுச் சாலைகள் மூன்று இருக்கின்றன, நடுச் சாலையில் போங்கள், எஸ் அதன் மேல்தான் இருக்கிறது. மென்டோன் தாண்டி, வென்டிமிலியாவிலிருந்து உள்ளே திரும்பினால் தோல்சேஅக்வா, இன்னும் மேலே அப்ரிகாலே. திரும்பும்போது களைத்திருந்தால் நெடுஞ்சாலையைப் பிடியுங்கள். இத்தாலிய டோல் கேட்டில் மஞ்சள் நிறத்தில் 'டெலிபாஸ்' என்று மட்டும் எழுதிய தடத்துக்குள் போய்விடாதீர்கள், அது கருவி பொருத்திய வண்டிகளுக்கு. பெட்ரோல் நிலையத்தில் 'பென்சீனா' என்றால்தான் பெட்ரோல், 'கசோலியோ' என்பது டீசல். 'செர்வீதோ' என்று எழுதிய பம்பில் ஆள் வந்து போட்டுவிடுவார், அதற்கு லிட்டருக்குக் கூடுதல் விலை, பக்கத்திலேயே நாமே போட்டுக்கொள்கிற பம்ப் இருக்கும்.