கேளுங்க சொல்றேன்: ஒத்து ஊதற அயர்லாந்துக்காரங்க

சார், யூடியூப்ல 'சீஃப்டன்ஸ்'னு ஒரு அயர்லாந்து குரூப் கேட்டேன். அந்த பைப் சத்தம் வந்ததும் கோயில் மேளம் ஞாபகம் வருது. எனக்கு மட்டும்தான் இப்படியா?
(நெல்லிக்குப்பம் வாசகர்)

எனக்கும் அதே கதைதான் சார். காரணம் ஒத்து. திருப்பாதிரிப்புலியூர் கோயில்ல நாயனக்காரர் பக்கத்துல ஒருத்தர் கன்னம் உப்பிப் போய் ஒரே சுருதியை விடாம பிடிச்சுக்கிட்டு உக்காந்திருப்பாரே, அவர் வேலைதான் (இப்ப நெறைய இடத்துல கரண்டு சுருதிப்பெட்டி வந்து அந்த மனுஷனை வீட்டுக்கு அனுப்பிடுச்சு, அது தனி வயித்தெரிச்சல்). அந்த அயர்லாந்துக்காரங்க வாத்தியம் பேரு இல்லன் பைப். ஒத்துக்குன்னு மூணு குழாய் அதுலயே இருக்கு. வாயால ஊதறதே இல்ல, வலது முழங்கையில கட்டுன துருத்தியை அமுக்க அமுக்க இடது கை இடுக்குல இருக்கற பைக்குள்ள காத்து போவுது, விரல் பாட்டுக்கு ராகம் வாசிக்குது. பேருல இருக்கற 'இல்லன்' அவங்க பாஷையில முழங்கையைச் சொல்ற வார்த்தைதான்.

அண்ணே, நாங்க அஞ்சு பசங்க கிராமியப் பாட்டுக் குழு நடத்தறோம், எல்லாருக்கும் வேலை இருக்கு. ராஜினாமா பண்ணிட்டு முழுசா எறங்கிடலாமா?
(கடலூர் முதுநகர் வாசகர்)

தம்பி, மேல சொன்ன குரூப்பையே எடுத்துக்க. 1962ல டப்ளின்ல பேடி மலோனி ஆரம்பிச்சது, அவர் அப்ப ஒரு கம்பெனியில கணக்கு எழுதிட்டு இருந்தாரு, பிளூட் வாசிச்ச மைக்கேல் டப்ரிடி இஞ்சினியர், ராத்திரியும் லீவு நாள்லயும்தான் வாசிப்பு. முதல் ஆல்பம் 1964, ரெண்டாவது 1969, நடுவுல அஞ்சு வருஷம்! பேரு வைக்கக்கூட மெனக்கெடல, சீஃப்டன்ஸ் 2, 3, 4ன்னு ரேஷன் கடை டோக்கன் மாதிரி நம்பர்தான். 1975ல லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹால்ல கச்சேரி நெறஞ்ச வருஷம்தான் முழு நேரமா எறங்குனாங்க, அதாவது பதிமூணு வருஷம் கழிச்சு. அப்பவும் எல்லாருக்கும் ஒத்துவரல, டப்ரிடியும் விசில் (தகரத்துல செஞ்ச சின்னக் குழல்) வாசிச்ச ஷான் பாட்ஸும் 1979ல வெலகிட்டாங்க. நீ மொதல்ல ஹால் நெறையுதான்னு பாரு, மாசா மாசம் வீட்டு வாடகை யாரு குடுக்கறதுன்னு அஞ்சு பேரும் உக்காந்து பேசு, ராஜினாமா லெட்டர் அப்புறம்.

எந்த ஆல்பத்துல ஆரம்பிக்கலாம்?
(முத்தியால்பேட்டை வாசகி)

நாலாம் நம்பர்மா, 1973ல வந்தது. டெரிக் பெல்லோட ஹார்ப் (நம்ம யாழ் மாதிரி) அதுலதான் உள்ள வருது. அதுல 'அயர்லாந்துப் பெண்கள்'னு அர்த்தம் வர்ற ஒரு மெட்டு இருக்கு, ஷான் ஓ ரியாடா போட்டது, அவர் குழுவுலதான் மலோனியும் முன்னாடி வாசிச்சாரு. டைரக்டர் குப்ரிக் 1975ல எடுத்த 'பேரி லிண்டன்' படத்துல அதைத்தான் போட்டாங்க. நான் மொதல்ல கேட்டது ராத்திரி பாண்டிச்சேரி பீச் ரோட்டுல, வண்டிப் போக்குவரத்தை நிறுத்தி வெச்ச நேரம், காதுல இயர்போன், காந்தி சிலைகிட்டருந்து டூப்ளே சிலை வரைக்கும் நடந்து திரும்பி வந்தேன், அந்த ஒரு மெட்டை மட்டும் திருப்பித் திருப்பிப் போட்டுக்கிட்டு.

பாடகர் வேன் மாரிசனோட சேந்து பண்ண 1988 ஆல்பம் நல்லாதான் இருக்கும். ஆனா 1995ல ஸ்டிங், மிக் ஜாகர்னு பெரிய ராக் பாடகருங்களை ஆள் ஆளா கூப்பிட்டு ஒண்ணு பண்ணாங்க பாருங்க, நல்லா வித்துச்சு, எனக்கென்னமோ அது கல்யாண ரிசப்ஷன் போட்டோ மாதிரி, வந்த வி.ஐ.பி. எல்லாம் முன்னாடி நிக்க மாப்பிள்ளையைத் தேட வேண்டியிருக்கு. திட்டாதீங்க.

இந்த குரூப் விண்வெளியில வாசிச்சதா வாட்ஸ்அப்ல வந்துச்சு. ரீலா?
(பண்ருட்டி வாசகர்)

பாதி ரீல். போனது அவங்க இல்ல, மலோனியோட விசிலும், குழுவுல இன்னொரு பிளூட்காரரான மேட் மொலாயோட பிளூட்டும். கேடி கோல்மேன்ங்கற விண்வெளி வீராங்கனை எடுத்துட்டுப் போயி 2011ல விண்வெளி நிலையத்துல மிதந்துக்கிட்டே வாசிச்சாங்க. 2012 ஆல்பத்துல அதையும் சேத்துட்டாங்க.