பழைய றொக் பாட்டும் ஓப்பன் ரியூனிங்கும்: முதலில் ‘ச’வைப் பிடியுங்கள்

கேள்வி: “மூன்று வருடமாகக் கிற்றார் பழகுகிறேன். கோர்ட்ஸ் எல்லாம் தெரியும். ஆனால் றோலிங் ஸ்ரோன்ஸ் மாதிரியான பழைய றொக் பாட்டுகளைச் சரியான கோர்ட் போட்டு வாசித்தாலும் பதிவில் கேட்கிற அந்தச் சத்தம் வருவதில்லை. ஓப்பன் ரியூனிங், கேப்போ இரண்டும் கட்டாயமா? யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு எப்படித் தொடங்கலாம்?”

உங்கள் விரலில் பிழை இல்லை. கிற்றார் வேறு சுருதியில் நிற்கிறது, அவ்வளவுதான். ‘ஹொங்கி ரொங்க் விமன்’ (1969), ‘பிரவுன் சுகர்’ (1971), ‘ஸ்ரார்ட் மீ அப்’ (1981) மூன்றும் றோலிங் ஸ்ரோன்ஸ் கிற்றார்க்காரர் கீத் றிச்சர்ட்ஸ் ஓப்பன் ஜி ரியூனிங்கில் (விரல் வைக்காமல் மீட்டினாலே ஜி கோர்ட் ஒலிக்கும்படி கம்பிகளைக் கட்டுவது) வாசித்தவை. அந்த ரியூனிங்குக்கு அவர் ஆகத் தடித்த ஆறாம் கம்பியைக் கழற்றிவிட்டு ஐந்து கம்பியோடுதான் வாசிப்பார். வழக்கமான ஈ-ஏ-டி-ஜி-பி-ஈ கட்டிய கிற்றாரில் அதே கோர்ட்டை எவ்வளவு திருத்தமாகப் பிடித்தாலும் அந்த ஓசை வராது.

நான் இதைக் கற்றுக்கொண்ட விதத்தைச் சொன்னால் மிச்சம் விளங்கும். 1993இல் எனக்குப் பதினைந்து வயது. யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை, பற்றரி உள்ளே வரத் தடை. சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்து மச்சான் பெடலைக் கையால் சுற்றுவான். டைனமோ வயரில் கசற் றெக்கோடர் பாடும். நான் பக்கத்தில் கிற்றாரோடு குந்தியிருந்து கோர்ட் தேடுவேன். மச்சானுக்குக் கை உளைந்தால் பாட்டு இழுபட்டு அரைச் சுரம் இறங்கிவிடும். கை மாற்றிச் சுற்றினால் திரும்ப ஏறும். ஒரு பாட்டு ஏ-யில் இருக்கிறதா, ஏ ஃபிளாட்டில் இருக்கிறதா என்று கண்டுபிடிக்கவே முடியாது.

அப்போது அக்கா வட இலங்கை சங்கீத சபைப் பரீட்சைக்கு வீணை பழகிக்கொண்டிருந்தா. எங்கள் கூத்தைப் பார்த்துவிட்டு உள்ளே இருந்தே சொன்னா: “எந்தக் கட்டை எண்டு ஏன்ரா தேடுறாய்? முதல்லை ‘ச’ எங்கை நிக்குது எண்டு பிடி. மற்றதெல்லாம் அதிலையிருந்து எண்ணலாம்.” முப்பது வருடத்துக்கு மேலாகிவிட்டது. ஓப்பன் ரியூனிங்குக்கும் கேப்போவுக்கும் (கழுத்தின் குறுக்கே எல்லாக் கம்பியையும் அழுத்திப் பிடிக்கும் கவ்வி) இதைவிட நல்ல விளக்கம் எனக்கு எந்த இங்கிலீஷ் புத்தகத்திலும் கிடைக்கவில்லை.

ஓப்பன் ஜி-யைப் பாருங்கள். ஐந்தாம் கம்பியிலிருந்து முதலாம் கம்பி வரை ஜி-டி-ஜி-பி-டி. ஜி-யை ‘ச’ என்று வைத்தால் ச-ப-ச-க-ப. வீணையிலும் மந்தர ‘ச’வும் ‘ப’வும் கம்பியிலேயே நிற்கின்றன. இங்கே கூடுதலாக ஒரு காந்தாரம் சேர்ந்திருக்கிறது. இடது கை படாமலே மீட்டினால் முழு மேஜர் கோர்ட். சுருதிப் பெட்டி கேட்டு வளர்ந்த காதுக்கு இது புதுச் சத்தமாகவே இருக்காது.

கட்டுவது சுலபம், மெஷினும் வேண்டாம். நடுவில் உள்ள நாலு, மூன்று, இரண்டு கம்பிகளைத் தொடாதீர்கள், அவை டி-ஜி-பி ஆகவே நிற்கும். ஐந்தாம் கம்பியை ஏ-யிலிருந்து ஜி-க்கு இறக்குங்கள், மூன்றாம் கம்பியோடு சேர்த்து மீட்டினால் கீழ் ஸ்தாயி ‘ச’வாக ஒட்ட வேண்டும். முதலாம் கம்பியை ஈ-யிலிருந்து டி-க்கு இறக்குங்கள், அது நாலாம் கம்பியின் மேல் ஸ்தாயி. ஆறாம் கம்பியைக் கழற்றுங்கள். கழற்ற மனமில்லையென்றால் அதையும் டி-க்கு இறக்கலாம், ஆனால் அப்போது அடியில் ‘ப’ ஒலித்து ‘ச’வை அமுக்கும். கீத் அதைக் கழற்றியதன் நியாயம் அங்கேதான் இருக்கிறது: கம்பிகளில் ஆக அடியில் நிற்பது ‘ச’வாக இருக்கும். என் முதல் கிற்றாரில் ஆறாம் கம்பி துருப்பிடித்துச் சுற்று அவிழ்ந்துபோய், மாற்றக் கம்பி கிடைக்காமல் ஒரு வருடம் ஐந்து கம்பியோடு வாசித்தேன். குறை என்று நினைத்து வருந்தியதையே ஒருவர் வேண்டுமென்று செய்திருக்கிறார் என்று பிறகு அறிந்தபோது எனக்கு உண்டான சந்தோசம் கொஞ்சநஞ்சமல்ல.

இனி விரல். ஆட்காட்டி விரலை ஐந்தாம் ஃபிரெட்டில் (ஃபிரெட் என்பது கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கட்டை) ஐந்து கம்பிக்கும் குறுக்கே படுக்க வையுங்கள். இது சி கோர்ட். விரலை எடுக்காமல், நடுவிரலை இரண்டாம் கம்பியின் ஆறாம் ஃபிரெட்டிலும், மோதிர விரலை நாலாம் கம்பியின் ஏழாம் ஃபிரெட்டிலும் வையுங்கள். இங்கே சி-யை ‘ச’ என்று வைத்தால் ‘க’ ஒரு படி ஏறி ‘ம’வாகும், ‘ப’ இரண்டு படி ஏறி ‘த’வாகும், ‘ச’ அசையாது. கோர்ட் எஃப் பக்கம் சாய்ந்துவிடும். இரண்டு விரலையும் எடுத்தால் திரும்ப சி. வைத்து எடுங்கள், வைத்து எடுங்கள். அதையே மூன்றாம் ஃபிரெட்டில் செய்யுங்கள். ‘ஸ்ரார்ட் மீ அப்’ தொடக்கம் உங்கள் கையில் இருக்கும்.

நீங்கள் தேடிய சத்தம் இதுதான். வழக்கமான ரியூனிங்கில் சி-யிலிருந்து எஃப்-க்குப் போக முழுக் கையும் தூக்கி வைக்க வேண்டும், நடுவில் ஒரு இடைவெளி விழும். இங்கே ‘ச’ விடாமல் இரைந்துகொண்டே இருக்க, மேலே இரண்டு சுரம் மட்டும் போய் வருகிறது. வலது கையைப் பற்றி ஒன்று: எல்லாக் கம்பியையும் ஒவ்வொரு தட்டிலும் அடிக்காதீர்கள். அடிக்காமல் விடுகிற இடங்களில்தான் அந்தப் பாட்டுகளின் தாளம் நிற்கிறது. இதற்கு ஒரு மாதம் கொடுங்கள்.

காந்தாரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் காது இதில் மற்றவர்களைவிட முன்னுக்கு நிற்கிறது. ரியூனர் காட்டுகிற இடத்தில் பி கம்பியை நிறுத்தினால் கோர்ட் மெல்லத் துடிக்கும். ஃபிரெட் கிற்றாரில் ஸ்தாயி பன்னிரண்டு சம பங்காகப் பிரிக்கப்பட்டிருப்பதால் அந்தக் காந்தாரம் இயற்கையான அந்தர காந்தாரத்தைவிடச் சுமார் 14 சென்ட் கூட. (100 சென்ட் ஒரு அரைச் சுரம்.) பி கம்பியை மயிரிழை இறக்கிப் பாருங்கள், துடிப்பு அடங்கி கோர்ட் ஒரே பொருளாக உறையும். முழு 14 சென்டையும் இறக்க வேண்டாம். மேலே சொன்ன ‘ம’வும் அதே கம்பியில்தான் வருகிறது, அது தளர்ந்துபோகும். பாதியளவு இறக்கினால் இரண்டும் பிழைக்கும்.

இனி கேப்போ. பாட்டுக்காரருக்கு ஒரு கட்டை ஏற்றுகிறோம் அல்லவா, கிற்றாரில் அந்த வேலையைச் செய்வது இதுதான். ‘ச’ இடம் மாறும், விரல் வடிவம் மாறாது. சி-யை 1 கட்டை என்று எண்ணினால் ஓப்பன் ஜி 5 கட்டை. நாலாம் ஃபிரெட்டில் கேப்போ போட்டால் பி, அதாவது 7 கட்டை. ‘ரம்ப்ளிங் டைஸ்’ (1972) அங்கேதான் நிற்கிறது. வழக்கமான ரியூனிங்கிலும் இதே கணக்குத்தான். பீற்றில்ஸின் ‘ஹியர் கம்ஸ் த சன்’ (1969) ஏழாம் ஃபிரெட்டில் கேப்போ, டி வடிவம், ஒலிப்பது ஏ. ஈகிள்ஸின் ‘ஹொட்டல் கலிபோர்னியா’வை அவர்களின் கிற்றார்க்காரர் டொன் ஃபெல்டர் முதலில் ஈ மைனரில் அமைத்திருந்தார். பாடகருக்குச் சுருதி ஒத்துவராததால் பி மைனருக்குப் போனது. கேப்போ ஏழாம் ஃபிரெட், விரலில் அதே ஈ மைனர் வடிவம். கேப்போ இல்லாமல் பி மைனரை பாரே (ஒரு விரலைக் கம்பிகளுக்குக் குறுக்கே படுக்க வைத்து) பிடித்து வாசிக்கலாம், சுரம் சரியாக இருக்கும். ஆனால் திறந்த கம்பியின் மணிச் சத்தம் வராது.

ஆகவே கேப்போ கட்டாயமா என்றால், தனியாக வீட்டில் வாசிக்கக் கட்டாயமில்லை. பதிவோடு சேர்ந்து வாசிப்பதென்றால் கேப்போ தேவை. வாங்கும் வரைக்கும் நாங்கள் செய்ததைச் செய்யலாம்: ஆறுபட்டைப் பென்சில் ஒன்றைக் கம்பிகளின் மேல் குறுக்கே வைத்து, பழைய சைக்கிள் ரியூபில் ஒரு விரல் அகலத்துக்கு வெட்டிய பட்டியால் கழுத்தைச் சுற்றி இழுத்துக் கட்டுவோம். நடுக் கம்பிகள் சில நேரம் அதிரும், பட்டியை இன்னும் ஒரு சுற்று இறுக்கினால் போதும். பென்சிலோ கேப்போவோ, ஃபிரெட் கம்பிக்கு ஒட்டினாற்போலப் பின்னால் வையுங்கள். இரண்டு ஃபிரெட்டுக்கு நடுவில் வைத்து இறுக்கினால் கம்பி வளைந்து சுருதி ஏறும். போட்டபிறகு ஒவ்வொரு கம்பியையும் மெல்ல மேலே இழுத்துவிட்டு மறுபடி சுருதி பாருங்கள்.

இரண்டும் சேர்கிற இடம் ஒன்று இருக்கிறது. ஸ்லைட் (கம்பிமேல் உருளையை வழுக்கி) வாசிப்பவர்கள் விரும்பும் ஓப்பன் ஈ-க்கு ஐந்தாம், நாலாம் கம்பிகளை ஒரு முழுச் சுரமும் மூன்றாம் கம்பியை அரைச் சுரமும் ஏற்ற வேண்டும். பழைய கிற்றார் என்றால் தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள், பிரிட்ஜ் பெயர்ந்துவரப் பார்க்கும். ஏற்றுவதற்குப் பதிலாக ஆறாம், மூன்றாம், இரண்டாம், முதலாம் கம்பிகளை இறக்கி ஓப்பன் டி கட்டுங்கள்: டி-ஏ-டி-எஃப் ஷார்ப்-ஏ-டி, எங்கள் கணக்கில் ச-ப-ச-க-ப-ச. இரண்டாம் ஃபிரெட்டில் கேப்போ போட்டால் அதுவே ஓப்பன் ஈ.

அந்தக் காந்தாரத்தை ஒரு அரைச் சுரம் ஏற்றி மத்தியமம் ஆக்கினால் டி-ஏ-டி-ஜி-ஏ-டி: ச-ப-ச-ம-ப-ச. இங்கிலாந்தின் டேவி கிரஹாம் 1960களில் பரப்பிய ரியூனிங் இது. லெட் செப்பலினின் ‘காஷ்மீர்’ (1975) இதில்தான். காந்தாரம் கம்பியில் இல்லாததால் மேஜர், மைனர் எதற்கும் கட்டுப்படாமல் திறந்து நிற்கும், எந்தக் காந்தாரம் வேண்டும் என்பதை நீங்கள் விரலால் முடிவு செய்யலாம். கர்நாடக சங்கீதம் கொஞ்சமாவது பழகிய யாராவது றொக் கிற்றாருக்கு வந்தால் நான் முதலில் இதைத்தான் கட்டிக் கொடுப்பேன். ஒரு தம்பிக்கு இதைக் கட்டிக் கொடுத்தேன். அரை மணித்தியாலத்தில் தனக்குத் தெரிந்த கீர்த்தனை ஒன்றின் பல்லவியை அதில் எடுத்துவிட்டான்.

ஸ்லைட் பற்றிச் சுருக்கமாக. ஓப்பன் ஜி-யைக் கீத்துக்குக் காட்டிக்கொடுத்தவர் அமெரிக்கக் கிற்றார்க்காரர் றை கூடர். அதே றை கூடர் பின்னாளில் இந்தியக் கலைஞர் விஷ்வ மோகன் பட்டோடு சேர்ந்து வாசித்த இசைத்தொகுப்பு 1993இல் வந்து கிராமி விருதும் பெற்றது. பட் வாசிப்பது கிற்றாரை மாற்றி அமைத்த மோகன வீணை, மடியில் வைத்துக் கம்பிமேல் உருளையை வழுக்கி வாசிப்பது. எங்கள் கோட்டுவாத்தியத்திலும் கமகம் அப்படித்தான் வருகிறது. அமெரிக்க றொக் கிற்றார்க்காரர் டுவான் ஓல்மன் ஸ்லைட்டுக்குப் பாவித்தது ஒரு வெறும் மருந்துப் போத்தல். உங்கள் வீட்டிலும் ஒன்று இருக்கும்.

விரல் சின்னது, கை பலமில்லை என்று தயங்குகிற பிள்ளைகளுக்கும் இது வழி. கனடியப் பாடகி ஜோனி மிச்சலுக்கு ஒன்பது வயதில் போலியோ வந்து இடது கை பலவீனமானது. அவர் டசின் கணக்கில் ஓப்பன் ரியூனிங் கட்டியதற்கு அதுவும் ஒரு காரணம்.

யாழ்ப்பாணத்துக்கென்று ஒரு வார்த்தை: இங்கே உப்புக்காற்று கம்பியைத் தின்னும். குருநகர், பாசையூர் போன்ற கடலோரப் பக்கம் என்றால் சொல்லவே வேண்டாம். வாசித்து முடிந்ததும் காய்ந்த பருத்தித் துணியால் ஒவ்வொரு கம்பியையும் அடியும் மேலும் துடையுங்கள். துருப்பிடித்த கம்பி ஃபிரெட்டுக்கு ஃபிரெட் சுருதி விலகும், ஓப்பன் ரியூனிங்கில் அது உடனே காட்டிக்கொடுக்கும். ரியூனிங்கை அடிக்கடி ஏற்றி இறக்கினாலும் கம்பி களைத்து அறும். முடிந்தால் இரண்டாவது பழைய கிற்றார் ஒன்றைத் தேடி அதை ஓப்பன் ஜி-யிலேயே விட்டுவிடுங்கள். கிறிஸ்தவக் கோயில் பாடகர் குழுக்களில் மூலையில் கிடக்கிற கிற்றார்கள் இருக்கும், கேட்டுப் பாருங்கள். என் முதல் கிற்றாரும் அப்படி வந்ததுதான். 1995 இடம்பெயர்வில் அதைக் கொண்டுபோக முடியவில்லை, திரும்பி வந்தபோது வீட்டில் இல்லை.

இன்றிரவே ஆறாம் கம்பியைக் கழற்றிவிட்டு ச-ப-ச-க-ப கட்டுங்கள். கோர்ட் புத்தகத்தைத் திறக்க வேண்டாம். ஐந்து நிமிடம் இடது கையை மடியில் வைத்துக்கொண்டு சும்மா மீட்டுங்கள், அந்த ‘ச’வைப் பாடுங்கள். பிறகு ஐந்தாம் ஃபிரெட். எங்கேயாவது சிக்கினால் எந்தக் கம்பி, எந்த ஃபிரெட் என்று கருத்தில் எழுதுங்கள், பதில் தருகிறேன்.