படகு நம்பர் தெரியாதா?

கேள்வி: என் கணவர் விசைப்படகில் டிரைவர். அவர் கடலுக்குப் போகிற ராத்திரியெல்லாம் எனக்குத் தூக்கமே இல்லை. இலங்கை நேவி பிடிப்பது போலவும், படகு மூழ்குவது போலவும் கண்ணுக்குள் படமாக ஓடுகிறது. நடுராத்திரியில் யாரிடம் போய்க் கேட்பது? படகு நம்பர்கூட அவருக்குத்தான் தெரியும். செல்போனில் மீனவர் கைது வீடியோக்களைப் பார்த்தபடியே விடிந்துவிடுகிறது. இந்தக் கற்பனையை எப்படி நிறுத்துவது?
– வாசகி, தங்கச்சிமடம்

பதில்: பாக் நீரிணையில் தொழிலுக்குப் போகிறவர் வீட்டில் பயம் இருக்கத்தான் செய்யும். ‘ஒன்றும் ஆகாது’ என்று எழுத நான் ஜோசியக்காரி இல்லை.

போகிற போக்கில் ஒன்று சொன்னீர்களே, படகு நம்பர் அவருக்குத்தான் தெரியும் என்று. புருஷன் மூழ்குவதை வாரம் மூன்று ராத்திரி பார்க்கிறீர்கள். அவர் ஏறிப்போகிற படகை ஒருநாள் பார்த்து நம்பரை எழுதி வைக்கவில்லை. கோபித்துக்கொள்ளாதீர்கள், இதற்குப் பாசம் என்று பெயரில்லை. முழித்திருந்து அழுவதோடு மனைவியின் கடமை முடிந்துவிடாது.

மனசு இல்லாததைக் காட்டுவதற்கும் பார்த்த துண்டுகளைத்தான் ஒட்டுகிறது. அந்த வீடியோக்கள்தான் அதற்குத் தீனி. ஒரே படம் திரும்பத் திரும்ப ஓடினால் சட்டென்று கண்முன் வரும். சட்டென்று வருவதை, நடக்கப்போவது என்றே மனசு எடுத்துக்கொள்ளும். நெஞ்சும் நிஜம்போலவே படபடக்கும். நிறுத்து என்றால் இன்னும் ஓடும். நிறுத்த வேண்டாம், நடுப்பகுதியையும் ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். உங்கள் படம் நேராக முடிவுக்குத் தாவுகிறது. படகு வர நேரமானால் முதல் போன் யாருக்கு? பிடித்தார்கள் என்றால் எந்தக் காகிதம் கேட்பார்கள்?

இதைப் படுக்கையில் செய்யாதீர்கள். சாயங்காலம் இருபது நிமிஷம், ஒரு நோட்டோடு உட்காருங்கள். உங்கள் பக்கத்து விசைப்படகு நம்பர் ஐஎன்டி-டிஎன்-10-எம்எம் என்று தொடங்கும்; மீதியை அவரிடம் கேட்டு முழுசாக எழுதுங்கள். உரிமையாளர் போன், கூடப் போகிறவர்கள் வீட்டுப் போன், மீனவர் அடையாள அட்டை நகல், கடலோரக் காவல்படை 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமம் 1093. வழக்கமாக எத்தனை மணிக்குக் கரை சேருவார்கள், எவ்வளவு தாமதம் சகஜம் என்பதையும் கேளுங்கள். அது தெரியாததால்தான் பத்து நிமிஷத் தாமதமும் சாவாகத் தெரிகிறது. லைஃப் ஜாக்கெட் ஆளுக்கு ஒன்று உண்டா, விஎச்எஃப் வயர்லெஸ் செட்டில் ஆபத்துக்கு உதவி கேட்கிற 16-ஆம் சேனல் வேலை செய்கிறதா என்றும் கேளுங்கள். ‘உனக்கெதுக்கு’ என்பார். பிள்ளை பெற்றவளுக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரிய வேண்டும் என்று கேளுங்கள். விபத்துக் காப்பீட்டில் நாமினி யார் என்பதும் அன்றைக்கே தெரிந்தாக வேண்டும்.

ராத்திரி படம் வந்தால் ‘நோட்டில் இருக்கிறது’ என்று சொல்லிவிட்டுப் புரண்டு படுங்கள். போன் அடுத்த அறையில், சத்தத்தோடு இருக்கட்டும், கையில் வேண்டாம்.

மீன்பிடித் தடைக்காலத்தில், ஏப்ரல் 15-லிருந்து 61 நாளும் அவர் கரையில்தான் இருப்பார். அப்போதும் தூக்கம் வராவிட்டால் அது கடல் பயம் இல்லை. 14416-க்குப் போன் செய்யுங்கள். மனநல ஆலோசனை இலவசம், தமிழிலேயே பேசலாம்.