நிக்கான் டி3500 கேமராவில் மாமாவின் பழைய 50 எம்எம் லென்ஸ் வேலை செய்யுமா?

மாட்டலாம், படமும் எடுக்கலாம். கேமரா தானாக ஃபோகஸ் செய்யும் ஆட்டோஃபோகஸ்தான் கிடைக்காது. மாமா தந்த 50 எம்எம் எஃப்/1.8டி லென்ஸுக்குள் அதற்கான மோட்டார் இல்லை. நீங்கள் நேரு வீதியில் பார்த்துவைத்த பழைய நிக்கான் டி3500 பாடியிலும் இல்லை. நிக்கானின் இன்னொரு கேமராவான டி7200-இல் உண்டு, ஆனால் கனம்.

கடையில் மாட்டும்போது திரையில் 'எஃப்இஇ' (fEE) என்று வந்தால் பயப்படாதீர்கள். லென்ஸில் எண்கள் உள்ள அபெர்ச்சர் வளையத்தை ஆரஞ்சு நிற 22-க்குத் திருப்பிப் பூட்டுங்கள், சரியாகிவிடும். கையால் ஃபோகஸ் செய்யும்போது வியூஃபைண்டரின் கீழே இடது ஓரத்தில் ஒரு புள்ளி நிலையாக எரியும், அதுதான் சரியான இடம். நின்ற படகுக்கு இது போதும். கடலூர் முதுநகர் துறைமுகத்தில் கூடை தூக்கி ஓடுகிறவர்களை இப்படிப் பிடிப்பது சிரமம். அதற்கு உள்ளேயே மோட்டார் உள்ள 18-55 லென்ஸையும் சேர்த்தே வாங்குங்கள்.

அப்புறம் லென்ஸுக்குள் வரும் பூஞ்சை. நம் ஊர் ஈரக்காற்றில் சீக்கிரம் பிடிக்கும். வாங்கும் லென்ஸின் இரு மூடிகளையும் கழற்றி, பின்னாலிருந்து செல்போன் டார்ச் அடித்துப் பாருங்கள். உள்ளே மெல்லிய இழைகள் தெரிந்தால் எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் வேண்டாம். பீரோவில் வருடக்கணக்காகக் கிடந்ததாகச் சொல்கிறீர்களே, மாமாவின் லென்ஸையும் இதேபோல் பார்த்துவிடுங்கள். அதில் பூஞ்சை இருந்தால் அந்த லென்ஸுக்காக டி7200-க்குக் கூடுதல் பணம் போட வேண்டியதில்லை.