மெக்சிகோ தெருக்கடை மக்காச்சோளம் (எலோத்தே) வீட்டில் எப்படிச் செய்வது?

சோளம் சுடுவது பெரிய வித்தையில்லை, விஷயமெல்லாம் மேல்பூச்சில்தான். மெக்சிகோவில் வேகவைத்தும் தருவார்கள், கரியில் சுட்டும் தருவார்கள். வீட்டில் கேஸ் அடுப்பின் மேல் கம்பி வலை வைத்து, அங்கங்கே கருகும்வரை 8-10 நிமிடம் திருப்பித் திருப்பிச் சுடுங்கள்.

4 கதிருக்கு மயோனைஸ் 4 மேசைக்கரண்டி, புளிப்புக் கிரீம் 2 மேசைக்கரண்டி. கிரீம் இல்லையா? துணியில் கட்டி நீர் வடித்த தயிர் போதும். சூடு ஆறுவதற்குள் பூசிவிடுங்கள்.

அடுத்து கோதிஹா சீஸ். மிச்சோவாகான் மாநிலத்திலுள்ள ஓர் ஊரின் பெயர் அது. உப்புத் தூக்கலாக இருக்கும், உருகாது, உதிரும். கிடைக்காவிட்டால் ஃபெட்டா. பனீரைத் துருவி உப்புப் பிசிறியும் சமாளிக்கலாம், ஆனால் அந்தச் சுள்ளென்ற ருசி வராது. மொஸரெல்லா மட்டும் வேண்டாம், நூல் நூலாக இழுக்கும்.

கடைசியில் மிளகாய்த்தூள் தூவி, எலுமிச்சை பிழியுங்கள். காஷ்மீரி மிளகாய்த்தூள் என்றால் நிறமும் வரும், காரமும் அடங்கியிருக்கும். அங்கே பெரும்பாலும் இனிப்புக் குறைந்த வெள்ளைச் சோளம். நீங்கள் ஸ்வீட் கார்னில் செய்தால் எலுமிச்சையைக் கூட்டுங்கள்.

மீசையெல்லாம் ஒட்டுகிறதே என்பவர்கள் முத்துகளை உதிர்த்துக் கிண்ணத்தில் கலந்துகொள்ளலாம். அதற்கும் அங்கே ஒரு பெயர் உண்டு: எஸ்கீத்தெஸ்.